அரபுச் செவ்வியல் அகராதி மரபில் உடற்பருமைச் சொற்களும் ஆரணிப் பகுதித் தமிழின் அரபுக் கடன்சொற்களும்

ஆய்வுச் சுருக்கம்

உடலின் பருமையைக் குறிக்கச் செவ்வியல் அரபு மொழி மிக விரிந்த சொற்றொகுதியைக் கொண்டுள்ளது. வயது, பால், விலங்கினம், பருமையின் அளவு, அதன்மீதான மதிப்பீடு ஆகியவற்றுக்கு ஏற்ப அச்சொற்கள் வேறுபடுகின்றன. ஆர்க்காட்டு நவாபுகளின் ஆட்சி எல்லைக்குள் அமைந்திருந்த ஆரணிப் பகுதியின் தமிழில் அரபு மூலச் சொற்கள் ஏராளமாக வழங்குகின்றன. ஆயினும் உடற்பருமைச் சொற்களுள் ஒன்றும் அங்குப் பொதுவழக்கில் இடம்பெறவில்லை. இந்த இன்மைக்கான காரணங்களை இக்கட்டுரை ஆராய்கிறது. கொடுக்கும் மொழியின் சொல்வளத்தைக் காட்டிலும், சொற்களைச் சுமந்துவரும் நிறுவனங்களே கடன்வாங்கலை முடிவு செய்கின்றன என்பதை ஒலிவடிவச் சான்றுகளாலும் பொருள்மாற்றச் சான்றுகளாலும் நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: ஆரணி, ஆர்க்காடு, அரபு அகராதியியல், கடன்சொல், உடற்பருமை, உரிச்சொல், நிகண்டு

1. முன்னுரை

தமிழில் கலந்துள்ள அரபு, பாரசீகச் சொற்களைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் பட்டியல் வடிவில் அமைந்துள்ளன. எந்தச் சொல் எந்த மூலத்திலிருந்து வந்தது என்பதை அவை காட்டுகின்றன. எந்தச் சொற்கள் வரவில்லை, ஏன் வரவில்லை என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. ஒரு மொழித்தொடர்பின் இயல்பை அறிவதற்கு வந்த சொற்கள் எவ்வளவு பயன்படுமோ, அவ்வளவுக்கு வராத சொற்களும் பயன்படும்.

உடற்பருமை இவ்வினாவை எழுப்புவதற்கு ஏற்ற களமாகும். இத்துறையில் அரபு மொழி செழிப்பானது. ஆர்க்காட்டுக்குத் தெற்கே 30 கிலோமீட்டருக்கு உட்பட்ட தொலைவில் உள்ள ஆரணியோ, அரபு மூலச் சொற்கள் நாள்தோறும் புழங்கும் ஊர். பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற இவ்வூரில் கூலியில் ‘பாக்கி’ நிற்கிறது. கடன் ‘வசூல்’ ஆகிறது. சரிகை ‘அசல்’ என்று சொல்லப்படுகிறது. சேலை ‘ரகம்’ பிரிக்கப்படுகிறது. இந்நான்கும் அரபு வேரினவே. ஆனால் பருத்த உடலைச் சுட்டும்போது இதே மக்கள் பருமன், தடிப்பு, குண்டு, தொந்தி, கொழுப்பு என்னும் சொற்களையே ஆள்கின்றனர். ஒரு துறையில் தாராளமாகக் கடன்வாங்கிய வழக்கு, மற்றொரு துறையில் ஏன் வாங்கவில்லை என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

2. அரபு அகராதி மரபில் மனித உடல்

அரபு அகராதியியல் 8ஆம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த அல்-கலீல் இப்னு அஹ்மதின் ‘கிதாப் அல்-ஐன்’ நூலோடு முறையான வடிவம் பெறுகிறது. ஒலிகள் பிறக்கும் இடத்தை அடிப்படையாகக் கொண்டு, தொண்டையில் பிறக்கும் ஒலிகளிலிருந்து தொடங்கி, வேர்ச்சொற்களை அடுக்கும் அகராதி அது. இதற்கு இணையாக, பொருள்வகையால் சொற்களைத் தொகுக்கும் மற்றொரு மரபும் வளர்ந்தது. தமிழ் நிகண்டுகளோடு ஒப்பிடத்தக்கது இந்த இரண்டாம் மரபே.

அல்-அஸ்மயீ 9ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மறைந்தவர். மனித உடலமைப்பு, ஒட்டகம், குதிரை முதலிய பொருள்களுக்குத் தனித்தனிச் சிறுநூல்களை அவர் இயற்றினார். 838இல் மறைந்த அபூ உபைத் பல பொருள்களை ஒருங்கே கொண்ட ‘அல்-கரீப் அல்-முஸன்னஃப்’ நூலை மனித உடலிலிருந்தே தொடங்கினார். 11ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டு முர்சியாவைச் சேர்ந்த, பார்வையற்ற அறிஞர் இப்னு ஸீதா இம்மரபின் மிகப் பெரிய தொகுப்பான ‘அல்-முகஸ்ஸஸ்’ நூலை உருவாக்கினார். அதுவும் மனிதப் படைப்பிலிருந்தே தொடங்குகிறது.

பாலைவெளி அரபியரின் பேச்சைக் கேட்டும் பழம்பாடல்களைப் பயின்றும் திரட்டிய சொற்களே இந்நூல்களின் மூலப்பொருள். நகரங்களில் வழக்கொழிந்து, விளக்கம் வேண்டிய அருஞ்சொற்கள் ‘கரீப்’ எனப்பட்டன. அகராதியில் காணப்படும் சொற்கள் அனைத்தும் ஒரே காலத்தில், ஒரே ஊரில், ஒரே மக்களால் பேசப்பட்டவை அல்ல என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். பின்னர் வரும் வாதத்துக்கு இது அடிப்படையாகும்.

3. படிநிலையும் மதிப்பீடும்

நிஷாப்பூரைச் சேர்ந்த அஸ்-ஸஆலிபி (961-1038) இயற்றிய ‘ஃபிக்ஹ் அல்-லுகா’ உடற்பருமைச் சொற்களை ஒழுங்குபடுத்திக் காட்டும் நூல்களுள் குறிப்பிடத்தக்கது. ஒத்த பொருளுடைய சொற்களைப் படிநிலையில் அடுக்குவது அவரது முறை. ஆணின் பருமைக்கு அவர் தரும் வரிசையில், பாராட்டத்தக்க பருமையுடையவன் ‘பாதின்’. அதனினும் மிகுந்து, ஆனால் பழிக்கு இடமில்லாதவன் ‘கிதப்’. அளவு கடந்தவனுக்கு அதன் மேலும் சொற்கள் உள்ளன.

பெண்ணின் பருமைக்கான வரிசை இன்னும் நுட்பமானது. செழுமையும் அளவொழுங்கும் கூடிய பெரிய உடல் ‘ரிபஹ்லா’. பருமை மேலும் கூடியும் அழகு கெடாத நிலை ‘ஸிபஹ்லா’. விரும்பப்படாத எல்லைக்குள் நுழைந்த நிலைக்கு ‘முஃபாளா’, ‘ளினாக்’ என்னும் சொற்கள். அளவு மீறித் தசை தளர்ந்த நிலை ‘இஃப்ளாஜ்’. ஆண், பெண் ஆகிய இரு வரிசைகளும் ஒரே வகையில் அமைந்திருப்பது கவனிக்கத்தக்கது. எடை கூடக்கூடச் சொல் மாறுகிறது. அதைவிட முக்கியமாக, புகழ்ச்சி இகழ்ச்சியாக மாறும் இடத்திலும் சொல் மாறுகிறது. ஆகவே இச்சொற்கள் உடலை அளப்பவை மட்டுமல்ல. உடலைப் பார்க்கும் சமுதாயத்தின் தீர்ப்பையும் உடன் சொல்பவை. இஸ்லாத்துக்கு முற்பட்ட கவிஞர் இம்ரு அல்-கைஸின் முஅல்லகாவில் ‘முஃபாளா’ என்னும் சொல் எதிர்மறையிலேயே வருகிறது. தலைவி அத்தகையவள் அல்லள் என்பதே அங்குப் புகழ்ச்சி.

அஸ்-ஸஆலிபி பருமையை உரியவர்க்கு ஏற்பப் பகுத்தும் காட்டுகிறார். குழந்தை, இளைஞன், ஆண், பெண், குதிரை, ஒட்டகம், ஆடு ஆகிய ஒவ்வொன்றின் கொழுமைக்கும் தனிச்சொல் உண்டு. ஒட்டகத்தின் கொழுமை வரிசை எலும்புக்குள் மச்சை சேரும் நிலையிலிருந்து தொடங்குகிறது. மேய்ச்சல் நிலத்தில் விலங்கின் கொழுப்பே உணவு, செல்வம், பயணத்துக்கான உறுதி என மூன்றுமாக இருந்தது. சமயச் சட்டத்திலும் இதற்கு இடமுண்டு. எலும்பில் மச்சையில்லாத அளவுக்கு மெலிந்த விலங்கு குர்பானிக்குத் தகாது என்பது நபிமொழி வழிவந்த விதி. இத்தகைய வாழ்க்கையில் கொழுமையின் சிறு வேறுபாடுகளுக்கும் பெயரிடும் தேவை இருந்தது.

பருமைச் சொற்கள் சமய இலக்கியத்திலும் உள்ளன. அத்-திர்மிதி (இறப்பு 892) தொகுத்த ‘ஷமாயில்’ நூலில் நபிகளாரின் உடலமைப்பை விளக்கும் அறிவிப்புகள் இடம்பெறுகின்றன. அவற்றுள் ‘பாதின்’ என்னும் சொல் தசை இறுக்கத்தைக் குறிக்கும் ‘முதமாஸிக்’ என்னும் சொல்லோடு இணைந்து வருகிறது. முகம் மிகப் பருத்ததன்று என்பதைச் சொல்ல ‘முதஹ்ஹம்’ என்னும் அருஞ்சொல் எதிர்மறையில் ஆளப்படுகிறது. இவ்வருஞ்சொற்களுக்குப் பொருள் கூறுவது உரையாசிரியர்களின் பணியாயிற்று.

4. பெயரா, பண்பா?

ஒரு பொருளுக்கு நூற்றுக்கணக்கான சொற்கள் உண்டு என்பதை மொழியின் பெருமையாகக் கூறும் வழக்கம் அரபியரிடையேயும் இருந்தது. அவ்வழக்கத்தை அரபு அறிஞர்களே கேள்விக்கு உட்படுத்தினர். வாளுக்கு ஐம்பது பெயர் அறிவேன் என்று இப்னு காலவைஹி கூற, தாம் அறிந்த பெயர் ஒன்றே என்றும், ஏனையவை பண்புகள் என்றும் அபூ அலீ அல்-ஃபாரிஸீ (இறப்பு 987) மறுத்ததாக ஒரு செய்தி வழங்குகிறது. பிற்காலத்தில் அஸ்-ஸுயூத்தி (இறப்பு 1505) ‘அல்-முஸ்ஹிர்’ நூலில் இவ்விவாதத்தைத் தொகுத்துரைத்தார்.

உடற்பருமைச் சொற்களுக்கு இம்மறுப்பு மிகவும் பொருந்தும். ‘ரிபஹ்லா’, ‘ஸிபஹ்லா’ என்பவை ஒரு பொருளின் இரு பெயர்கள் அல்ல. இருவேறு அளவுகளையும் மதிப்பீடுகளையும் குறிக்கும் பண்புச்சொற்கள். தொல்காப்பிய உரியியல் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. தட, கய, நளி ஆகிய மூன்றும் பெருமை என்னும் பொருளில் அங்கு ஒருங்கே தொகுக்கப்பட்டுள்ளன. இசை, குறிப்பு, பண்பு ஆகியவற்றின் அடியாக வரும் உரிச்சொல்லைத் தனிவகையாகக் கண்ட இலக்கண மரபும், பண்பைப் பெயரிலிருந்து பிரித்துணர வலியுறுத்திய அல்-ஃபாரிஸீயின் மறுப்பும் ஒரே சிக்கலை இருவேறு வழிகளில் அணுகியவை. எனவே சொற்களின் எண்ணிக்கையைக் கொண்டு இரு மொழிகளின் வளத்தை ஒப்பிடுவது முறையாகாது. எந்த வேறுபாட்டுக்காக ஒரு சொல் பிறந்தது என்பதே ஒப்பீட்டுக்கு உரியது.

5. ஆரணியும் ஆர்க்காடும்

இத்தகைய அரபுக் கல்வி ஆரணிப் பகுதிக்கு எட்டாத தொலைவில் இருக்கவில்லை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கர்நாடகப் பகுதியின் முகலாய ஆட்சித் தலைமையிடம் செஞ்சியிலிருந்து ஆர்க்காட்டுக்கு மாறியது. ஆரணி அதற்கு முன்பே, 17ஆம் நூற்றாண்டில் பிஜப்பூர்ச் சுல்தானக ஆட்சிக் காலத்தில், மராத்தியத் தளபதி ஷாஹாஜியின் தொடர்பால் ஒரு மராத்திப் பிராமணக் குடும்பத்தின் ஜாகீராகியிருந்தது. 1751ஆம் ஆண்டு ஆர்க்காட்டு முற்றுகைக்குப் பின் கிளைவின் படை ராசா சாகிபின் படையை ஆரணி அருகே தோற்கடித்தது. 1782இல் ஐதர் அலியும் அயர் கூட்டும் இங்கே மோதினர். 1801 ஒப்பந்தத்தால் கர்நாடக ஆட்சி கிழக்கிந்தியக் கும்பெனியின் கைக்குச் சென்றது.

நவாபு முகம்மது அலி வாலாஜாவின் (ஆட்சி 1749-1795) ஆதரவில் அரபு, பாரசீகக் கல்வி செழித்தது. வேலூரில் பிறந்த பாக்கர் ஆகா அரபு, பாரசீகம், தக்கணி ஆகிய மும்மொழியிலும் நூல்கள் இயற்றினார். லக்னோவின் பெரும் அறிஞர் அப்துல் அலீ ‘பஹ்ருல் உலூம்’ சென்னைக்கு வந்து கற்பித்தார். பின்னர் 19ஆம் நூற்றாண்டில் வேலூரில் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபுக் கல்லூரி தோன்றியது. இந்தியாவும் அரபு அகராதியியலுக்குப் புறம்பான நாடன்று. லாகூரில் பிறந்த அஸ்-ஸகானி (1181-1252) பெரும் அகராதிகளை இயற்றினார். பில்கிராமில் 1732இல் பிறந்து கெய்ரோவில் 1791இல் மறைந்த முர்தளா அஸ்-ஸபீதி, ‘தாஜ் அல்-அரூஸ்’ என்னும் பேரகராதியை எழுதினார்.

ஆகவே அரபுச் சொற்களை அறிந்தோர் இப்பகுதியில் இல்லாமையால் பருமைச் சொற்கள் வரவில்லை எனக் கூற இயலாது. அறிந்தோர் இருந்தனர். அவர்கள் அறிவு வகுப்பறையிலும் ஏட்டிலும் நின்றது. பாக்கர் ஆகா பொதுமக்களுக்கும் பெண்களுக்கும் சமயச் செய்திகளைச் சொல்ல முனைந்தபோது எளிய தக்கணியையே தேர்ந்தார் என்பது இதைத் தெளிவாக்கும்.

6. இரு வாயில்களும் ‘ளாத்’ ஒலியும்

அரபுச் சொற்கள் தமிழுக்குள் வந்த வழிகளைப் பிரித்தறிய ஓர் ஒலி துணைசெய்கிறது. அரபு நெடுங்கணக்கின் ‘ளாத்’ என்னும் எழுத்து பாரசீகத்திலும் உருதுவிலும் ‘ஸ’கரத்தின் அதிர்வொலியாக மாறிவிடும். அவ்வழியாகத் தமிழுக்கு வரும்போது அது ‘ஜ’ ஆகும். தமிழ் முஸ்லிம்களின் நேரடி அரபு வாசிப்பு மரபிலோ அது ‘ள’ அல்லது ‘ழ’ ஆகும்.

ஜாமீன், ஜப்தி, ஆஜர், ஜில்லா, ஜரூர், அர்ஜி, ரஜா, ராஜினாமா ஆகிய சொற்கள் அனைத்திலும் மூலத்தில் இருப்பது ‘ளாத்’ எழுத்தே. எட்டுச் சொற்களும் ‘ஜ’ வடிவில் உள்ளன. எனவே இவை பாரசீகத்தையும் உருதுவையும் கடந்து அலுவலகத்தின் வழியே வந்தவை. இதற்கு மாறாக ரமளான், ஒளு, காழி ஆகியவை ‘ள’, ‘ழ’ வடிவில் வழங்குகின்றன. காயல்பட்டினம், கீழக்கரை முதலிய கடற்கரை ஊர்களில் அரபுத்தமிழ் எழுத்து மரபோடு வளர்ந்த, பள்ளிவாசலின் வழியே வந்த வடிவங்கள் இவை. ஒரே அரபுச் சொல் ரம்ஜான் என்றும் ரமளான் என்றும் இருவடிவில் நிலவுவது இரு வாயில்களும் ஒருங்கே திறந்திருந்ததைக் காட்டும்.

ஆரணிக்கு மூன்றாவது ஒரு கிளைவழியும் இருந்தது. ஜாகீர்தார் குடும்பத்தின் மொழியும், கணக்கெழுதிய பலரின் மொழியும் மராத்தி. மிகுதியைக் குறிக்கும் ‘ஜாஸ்தி’ என்னும் சொல் அரபு ‘ஸியாதா’ என்பதன் வழிவந்தது. அதன் தமிழ் வடிவம் உருது வடிவத்தைவிட மராத்தி வடிவத்தோடு நெருங்கியுள்ளது.

இவ்விதிகளைக் கொண்டு ஒரு சோதனை செய்யலாம். பருத்தது, பெரியது என்னும் பொருளுடைய அரபுச் சொல் ‘ளக்ம்’. இதனோடு உறவுடைய ‘ளகீம்’ உருதுவில் ஜகரச் சாயல் பெற்றுப் பெரும்பாலும் தடித்த நூலைக் குறிக்கிறது. அது அலுவலக வழியே வந்திருந்தால் தமிழில் ‘ஜக்கீம்’ போன்ற வடிவமும், பள்ளிவாசல் வழியே வந்திருந்தால் ‘ளக்ம்’ போன்ற வடிவமும் கிடைத்திருக்க வேண்டும். தமிழ்ப் பொதுவழக்கில் இரண்டும் இல்லை. ஸமீன், பாதின், ரிபஹ்லா முதலியவற்றின் நிலையும் இதுவே. அலுவலகம், பள்ளிவாசல் ஆகிய இரு வாயில்களும் இச்சொற்களைச் சுமக்கவில்லை.

7. உடலை இழந்த உடற்சொற்கள்

அரபு உடற்சொற்கள் ஒன்றுகூட வரவில்லை எனல் தவறாகும். வந்தன, ஆனால் உடலை விட்டுவிட்டு வந்தன. ‘ஜில்லா’ என்பதன் மூலமான அரபுச் சொல்லுக்கு முதற்பொருள் விலா எலும்பு. விலா பக்கமாகி, பக்கம் நிலப்பகுதியாகி, இறுதியில் ஆட்சிப் பிரிவைக் குறித்தது. கும்பெனிக் கால மேல்நீதிமன்றத்தின் பெயரான ‘சதர் அதாலத்து’ என்பதில் உள்ள ‘சதர்’ என்னும் சொல்லுக்கு அரபில் மார்பு என்று பொருள். மார்பு முன்னிற்பதாகி, முதன்மையாகி, தலைமை இடத்தைக் குறித்தது.

மனிதனைக் குறிக்க வந்த சொற்களும் இவ்வாறே அமைந்தன. ‘நபர்’ என்பது செவ்வியல் அரபில் மூன்று முதல் பத்துப் பேர் வரையிலான சிறு கூட்டம். அது ஆளெண்ணும் சொல்லாக மாறித் தமிழில் தனியொருவரைக் குறிக்கிறது. ‘ஆசாமி’ என்பது பெயர் என்னும் பொருளுடைய ‘இஸ்ம்’ என்பதன் பன்மையிலிருந்து பிறந்தது. பதிவேட்டில் பெயருள்ள குடியானவரைச் சுட்டிப் பின்னர் ஆள் என்னும் பொதுப்பொருள் பெற்றது. வாரிசு, கைதி, வக்கீல், ஜாமீன் ஆகியவையும் மனிதனைச் சட்ட உறவிலும் பதிவேட்டிலும் நிறுத்துபவை. தொகுத்து நோக்கினால், எண்ணப்படும் மனிதனுக்கும் எழுதப்படும் மனிதனுக்கும் அரபு மூலச் சொற்கள் தமிழில் உண்டு. பார்க்கப்படும் மனிதனுக்கு இல்லை.

உடலடையாளங்களைப் பதிவு செய்யும் தேவை முகலாய ஆட்சி முறையில் இல்லாமல் இல்லை. படைவீரரின் உருவ அடையாளங்களை எழுதிவைக்கும் ‘செஹ்ரா’ பதிவேடுகள் இருந்தன. உருவ விவரணத்துக்கு அரபு ‘ஹில்யா’ என்பதன் வழிவந்த ‘ஹுலியா’ என்னும் சொல்லும் உருதுவில் உண்டு. எனினும் இவை எழுத்தர் எழுதி எழுத்தரே படித்தவை. வரி, வழக்கு, பிணை ஆகியவற்றைப் போல ஒவ்வொரு குடியானவரும் நெசவாளரும் வாயால் சொல்லிப் பழகவேண்டிய கட்டாயம் அவற்றுக்கு இல்லை. கடன்சொல் வேரூன்றுவதற்கு ஆவணத்தில் இடம்பெறுவது போதாது. பொதுமக்கள் அச்சொல்லை ஆண்டே தீரவேண்டிய சூழல் வேண்டும்.

8. இடைமொழிகளின் வடிகட்டல்

மற்றொரு காரணம் இடைமொழிகளில் உள்ளது. பருமனைச் சொல்ல உருது பெரிதும் ‘மோட்டா’ என்னும் இந்தியச் சொல்லையும் ‘ஃபர்பா’ என்னும் பாரசீகச் சொல்லையும் ஆள்கிறது. அரபு ‘ஜஸீம்’ உயர்நடையில் வரும். அஸ்-ஸஆலிபியின் படிநிலைச் சொற்கள் உருதுவின் பேச்சுவழக்கில் இடம்பெறவில்லை. தம்மிடம் இல்லாததைப் பாரசீகமும் தக்கணியும் மராத்தியும் தமிழுக்குத் தர இயலாது.

உடல்வலிமை தொடர்பாக இவ்வழியே வந்த சொற்கள் மற்பயிற்சிக் களத்துக்கு உரியவை. பயில்வான், குஸ்தி ஆகியவை பாரசீக மூலத்தன. உடற்பயிற்சியைக் குறிக்கும் ‘கசரத்து’, மிகுதி என்னும் பொருளுடைய அரபு ‘கஸ்ரா’ என்பதிலிருந்து வந்தது. பயிற்சிக்கூடத்தைக் குறிக்கும் ‘தாலீம்’ அரபில் கற்பித்தல் என்னும் பொருளது. ‘கட்டுமஸ்து’ என்பதில் உள்ள ‘மஸ்து’ களிப்பையும் மதத்தையும் குறிக்கும் பாரசீகச் சொல்லோடு தொடர்புடையதாகக் கொள்ளப்படுகிறது. இவை உடலை உருவாக்கும் செயலையும் களத்தையும் முதன்மையாகக் குறிப்பவை. உடலின் அளவை வரிசைப்படுத்துபவை அல்ல. இங்கும் சொற்களைச் சுமந்துவந்தது அகராதி அன்று. மற்களம் என்னும் நிறுவனமே.

9. நிரம்பியிருந்த இடம்

கடன்சொல் நுழைய வெற்றிடம் உதவும். தமிழில் அவ்வெற்றிடம் இல்லை. பரு, தடி, கொழு ஆகிய அடிச்சொற்களிலிருந்து பருமை, பருமன், தடிப்பு, தடிமன், கொழுமை, கொழுப்பு ஆகியவை கிளைத்துள்ளன. வயிற்றுப் பருமைக்குத் தொந்தி, தொப்பை. உருண்ட உடலுக்குக் குண்டு. உயரமும் அகலமும் கூடிய உடலுக்கு வாட்டசாட்டம். ஏளனத்துக்குத் தடியன், தடித்தாண்டவராயன் என மதிப்பீட்டு வேறுபாடுகளும் உண்டு. மருத்துவத் துறையில் வடமொழி வழிவந்த தூலம், அதிதூலம் ஆகியவை முன்பே நிலைபெற்றிருந்தன. யுனானி மருத்துவத்தில் மிகைப்பருமைக்கு வழங்கும் ‘ஸிமன் முஃப்ரித்’ என்னும் அரபுத் தொடர் அம்மருத்துவம் பயில்வோரின் எல்லைக்குள்ளேயே நின்றது. குர்பானி ஆட்டைப் பற்றிய பேச்சிலும் கொழுத்தது, மெலிந்தது என்னும் தமிழ்ச் சொற்களே போதுமானவையாயின. சட்டம் வந்தபோதும் அதன் சொல் வரவேண்டிய தேவை எழவில்லை.

ஆரணியின் நெசவு இவ்வகையில் மேலும் ஒரு விளக்கம் தருகிறது. தைத்த ஆடை உடலின் சுற்றளவை வேண்டும். சேலை நீளத்தையும் அகலத்தையும் மட்டுமே வேண்டும். உடுப்பவர் மெலிந்தவரா பருத்தவரா என்பதைத் தறி கேட்பதில்லை. ஆகவே நெசவுத் தொழிலில் அளவுக்கும் கணக்குக்கும் உரிய சொற்களே புறத்திலிருந்து வந்தன. பாரசீக வழியில் கஜம், சரிகை; அரபு வழியில் அசல், பாக்கி, வசூல், ரகம். இவற்றுள் ‘ரகம்’ தனியே கருதத்தக்கது. அதன் அரபு மூலமான ‘ரக்ம்’ என்னும் வினையடி எழுதுதல், குறியிடுதல் ஆகியவற்றோடு துணியில் கோலம் இடுதலையும் விலை குறித்தலையும் சுட்டுவது. எண், குறி என்னும் பொருள்களைக் கடந்து வகை என்னும் பொருளோடு அது தமிழ்த் துணிக்கடைக்கு வந்துசேர்ந்தது.

பாவு, ஊடை, இழை, தறி ஆகிய தொழிலின் அடிப்படைச் சொற்கள் தமிழாகவே நின்றன. நூலின் கனத்துக்கும் பருமன், தடிப்பு, மெலிவு என்னும் அதே உடற்சொற்களே பயன்படுகின்றன. செவ்வியல் அரபு இங்கு வேறுபடுகிறது. கொழுத்த விலங்குக்கு ‘ஸமீன்’. நெருங்க நெய்த துணிக்கு ‘ஸஃபீக்’. அந்த ‘ஸஃபீக்’ முகத்தோடு சேரும்போது நாணமின்மையைக் குறிக்கும். தமிழில் கொழுப்பு செருக்கையும், தடித்த சொல் மரியாதையின்மையையும் குறிப்பது இதற்கு இணையானது. பருமையிலிருந்து ஒழுக்கக் குறைக்குச் செல்லும் பொருள்வழியை இரு மொழிகளும் தத்தம் சொற்களாலேயே அமைத்துக்கொண்டன. ஒப்புமை இருப்பதனாலேயே கடன் நிகழ்ந்தது எனக் கொள்ளலாகாது என்பதற்கு இது சான்றாகும்.

சொற்றொகுப்பு மரபைப் பொறுத்தவரையிலும் இப்பகுதி வெற்றிடமன்று. ஆரணிக்கு அருகிலுள்ள பூண்டி, திருமலை ஆகியவை சமணத் தலங்கள். சமணரான மண்டல புருடர் இயற்றிய சூடாமணி நிகண்டு பன்னிரண்டு தொகுதிகளில், தேவர், மக்கள், விலங்கு எனத் தொடங்கிப் பண்பு, செயல், ஒலி என விரிந்து, சொற்களை வகைப்படுத்துகிறது. மனிதனிலிருந்து தொடங்கும் அரபுப் பொருள்வகை அகராதியும் தேவரிலிருந்து தொடங்கும் தமிழ் நிகண்டும் இவ்வட்டாரத்தில் அருகருகே பயிலப்பட வாய்ப்பிருந்த இரு மரபுகள். ஒன்றையொன்று கலக்காமல் அவை நின்றமைக்கு அறிவுக் குறைவு காரணமன்று. பயில்வோரும் பயிலிடமும் பயிலும் நோக்கமும் வேறாயிருந்தமையே காரணம்.

10. முடிவுரை

செவ்வியல் அரபின் உடற்பருமைச் சொற்கள் மேய்ச்சல் வாழ்வின் தேவையிலும் கவிதையின் அழகியலிலும் பிறந்து, அகராதியாளர்களால் காக்கப்பட்டவை. அவை அளவையும் மதிப்பீட்டையும் ஒருங்கே சுமக்கும் பண்புச்சொற்கள். அவற்றை அறிந்த அறிஞர்கள் ஆர்க்காடு, வேலூர் வட்டாரத்தில் இருந்தும் அவை ஆரணித் தமிழின் பொதுவழக்கில் நுழையவில்லை. அலுவலகம், பள்ளிவாசல் ஆகிய இரு வாயில்களும் அவற்றைச் சுமக்கவில்லை; இடைமொழிகள் அவற்றை முன்பே விட்டுவிட்டன; தமிழில் அவற்றுக்குரிய இடம் நிரம்பியிருந்தது. நுழைந்த உடற்சொற்களும் விலாவிலிருந்து ஜில்லாவாகவும் மார்பிலிருந்து தலைமை மன்றமாகவும் மாறியே நுழைந்தன.

பருத்த உடலைப் பற்றிய இன்றைய தமிழ்ப் பேச்சில் அரபின் சுவடு ஒன்று உண்டெனில், அது ‘உடம்பு கொஞ்சம் ஜாஸ்தி’ என்பதில் வரும் ஜாஸ்தியே. அதுவும் உடலுக்குரிய சொல் அன்று. கணக்கேட்டில் வரவு மிகுவதைக் குறித்த சொல். கடன்சொல் ஆய்வுகள் சொற்களின் எண்ணிக்கையோடு நில்லாது, ஒவ்வொரு சொல்லும் எந்த நிறுவனத்தின் வழியே, யாருடைய வாய்க்கு, எந்தக் கட்டாயத்தால் வந்தது என்பதையும், வரவேண்டிய சொல் எங்கே தடைபட்டது என்பதையும் ஆராயுமாயின், மொழித்தொடர்பு வரலாறு மேலும் தெளிவுபெறும்.